குளியலறையின் வெளிக்கதவு

மழைக்கு ஒதுங்கப் படியேறியவள் நேராக அவன் மேலேயே மோதினாள். கண் தெரியாதா என்று கேட்க வாயெடுத்தவள், அவன் கண்களைப் பார்த்ததும் கேட்க வந்ததையே மறந்தாள். போதாக்குறைக்கு மழை வேறு...

தங்கச் சுரங்கம் இருந்த நந்திதுர்க்கில் வெள்ளைக்காரச் சுரங்க மேலாளருக்குக் கட்டிய பங்களா அது. இங்கிலாந்துக் கிராமத்து மாளிகைபோலவே செங்குத்தான கூரை, புகைபோக்கி, உயர்ந்த சன்னல்கள். இடிக்கப் போகிறார்கள். அதற்குள் அளந்து வரைந்து வைக்கத்தான் மாயா பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து போகிறாள். அவள் அப்பா இதே ஊரின் ஸ்கெலட்டன் குடியிருப்பை விட்டுப் போனபோது அவள் பிறக்கவே இல்லை. பங்களாவுக்குக் காவல் ஷெர்வின். சாவி அவனிடம்தான்.

அளவுநாடாவின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை அவள். இந்த ஊரில் வீட்டுக்குள் எதற்குக் குளிர்காயும் அடுப்பு என்று கேட்டாள். துரைக்குத்தான் குளிரும், நமக்கெல்லாம் குளிராது என்றான். அவள் சிரித்த சிரிப்புக்கு மறுநாள் ஷேவ் செய்துகொண்டு வந்து நின்றான், பாவம்.

ஒருநாள் வரைபடத்தைக் காட்டினாள். குளியலறையிலிருந்து வெளியே திறக்கும் குட்டிக் கதவுக்குத் 'தோட்டக் கதவு' என்று பெயர் போட்டிருந்தாள். துரைசானி குளித்துவிட்டு ரோஜாக்களைப் பார்க்கப் போயிருப்பாள் என்று ஆசையாக விளக்கம் வேறு. ஷெர்வின் முகம் கறுத்தது. சாவியை வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான்.

அப்புறம் வரவே இல்லை. என்ன திமிர் என்று பொருமினாள் மாயா. பொருமிப் பொருமி அழுகைதான் வந்தது.

அவள் வேலை முடிகிற அன்று வந்தான். அந்தக் குட்டிக் கதவுக்கு வெளியே, நனைந்துகொண்டு நின்றான்.

"இது தோட்டத்துக் கதவு இல்லீங்க. எங்கம்மா பாக்கியவதி தெனம் இப்டிதான் வருவாங்க... கக்கூஸ் வாளி எடுக்க. ஆபீசருங்க இருந்த வரிக்கும் எடுத்தாங்க. முன்வாசல்ல ஒருநாளும் கால் வச்சதில்ல."

அம்மா பங்களாவில் சமையல் வேலை செய்தாள் என்றே எல்லோரிடமும் சொல்லி வளர்ந்திருக்கிறான். போன வருடம் அவள் கண்மூடியபோதும் அதையேதான் சொன்னானாம்.

"உங்களப் பாத்த நாள்லேர்ந்து மனசு எங்கிட்ட இல்ல. இது தெரிஞ்சா போயிடுவீங்கன்னு பயம்... இன்னா செய்றதுன்னு தெரியல."

மாயா கதவைத் தாண்டி மழைக்குள் வந்தாள். கோபத்தில் உதடு துடித்தது.

"அம்மாவ மறச்சீங்களே, அதுதான் எனக்குப் பிடிக்கல..." அவன் ஈரக்கையை இறுகப் பற்றினாள். "உங்களப் பிடிச்சிருக்கு."