இடப்பக்கக் குமிழ்

மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டதும் மருமகள் கதவருகே போய் நின்றுகொண்டாள். வருகிறவர் தட்டுவதற்குள் திறந்துவிட வேண்டும் என்பது அவளுக்கு ஒரு பழக்கம்.

"கொஞ்சம் தட்ட விடும்மா. தட்டுற விதத்திலேயே பாதி விஷயம் தெரிஞ்சுடும்" என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அவரை எல்லோரும் சர்வேயர் என்றுதான் அழைப்பார்கள். நிலம் அளப்பவர் அல்ல. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, நடந்தது என்ன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். மருமகள் சட்டம் படித்தவள். கணவன் கப்பலில் வேலை செய்தான். மாமனாரின் பழைய கோப்புகளை அடுக்கித் தருகிறேன் என்று வந்தவள், அப்படியே அவருடைய வழக்குகளிலும் ஒட்டிக்கொண்டாள்.

உள்ளே வந்த பெண் சூப்பர் மார்க்கெட் சீருடையில் இருந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க சார். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அவர் அந்த வண்டிய எடுக்கவே இல்ல சார்."

"எந்த வண்டிய?"

"ஹார்டுவேர் கடைக்காரர் வண்டிய."

விஷயம் துண்டு துண்டாக வந்தது. அவள் கணவன் ஒரு பட்டறையில் கார் எலக்ட்ரீஷியன். ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவருக்குத் தன் காரில் கம்பெனி போட்டுக் கொடுத்த சாதாரண ரேடியோவும் ஏசியும் பிடிக்கவில்லை. அதே மாடலின் உயர்ந்த வகையில் வரும் பெட்டிதான் வேண்டும் என்றார். ரேடியோவும் ஏசி கட்டுப்பாடும் சேர்ந்த பெட்டி. டிரைவருக்கு ஒரு குளிர், பக்கத்து ஆளுக்கு ஒரு குளிர் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். வேறு ஊர் காயலான் கடையிலிருந்து அது பார்சலில் வந்தது. சனிக்கிழமை காலையில் கடைக்காரர் காரை விட்டுவிட்டுப் போனார். எலக்ட்ரீஷியன் மாலைவரை அதைப் பொருத்தினான். லேப்டாப்பை வைத்து ப்ரோகிராம் செய்யும் வேலை திங்கட்கிழமைக்கு என்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருந்தது. மாலையில் மழை. சாலைத் திருப்பத்தில் ஒரு கார் சைக்கிளில் வந்த டீச்சரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. திங்கட்கிழமை காலையில், பட்டறைச் சந்தில் நின்ற கடைக்காரரின் காரில் முன்விளக்கு நொறுங்கியிருந்தது. உடைசலில் டீச்சரின் புடவை நூல் சிக்கியிருந்தது.

"சாவி?"

"ஒண்ணு பட்டறை டிராயர்ல. பட்டறைச் சாவி இவர்கிட்டயும் முதலாளிகிட்டயும்தான் இருக்கு. நான் ஞாயித்துக்கிழமை டியூட்டிக்குப் போயிட்டேன். இவர் வீட்ல தனியா தூங்கிட்டு இருந்திருக்கார். தூங்கினதுக்கு யார் சார் சாட்சி சொல்லுவா?"

சர்வேயர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "சனிக்கிழமை வேலை முடிச்சிட்டு வந்து உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? வேலையப் பத்தி?"

"வேலையப் பத்திதான் சொல்லுவார், வேற என்ன தெரியும் அவருக்கு?" என்றவள் சட்டென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "போட்டோ கூட அனுப்பினார் சார். அந்தப் பெட்டி ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற நாட்டு வண்டியிலேர்ந்து வந்ததாம். அதனால எல்லாம் தலைகீழா இருக்காம். வலப்பக்க நாப்பத் திருகினா இடப்பக்கம் குளிருதாம். ப்ரோகிராம் பண்ணினாத்தான் சரியாகுமாம். முதலாளி சீக்கிரமே கிளம்பிட்டாராம், திங்கக்கிழமைதான் அவர்கிட்ட சொல்லணும்னார். நான் காதுல வாங்கிக்கவே இல்ல. சோறு ஆறுதுன்னு திட்டினேன்."

மருமகள் போட்டோவைப் பார்த்தாள். காரின் நடுவில் கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள். இரண்டின் மேலும் இருபத்திரண்டு டிகிரி என்று காட்டியது. நடுத்திரையில் நான்கு சிறு கோடுகள், வேறு எதுவும் இல்லை.

"இந்தக் கோடு என்ன?"

"ரேடியோ ரகசிய நம்பர் கேக்குதாம். திருட்டுப் போனா உதவாம இருக்கறதுக்கு. நம்பர காயலான் கடைக்காரர் இவர் போனுக்கு அனுப்பியிருக்கார். திங்கக்கிழமை போட்டுக்கலாம்னு விட்டுட்டார்."

சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டார். "கிளம்பும்மா" என்றார் மருமகளிடம். அவள் ஏற்கனவே படியில் இருந்தாள்.

பட்டறை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் சர்வேயருக்குப் பழக்கமானவர். இருந்தும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், உங்களுக்காக ஒரு மணி நேரம் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல முடியாது. அந்த டீச்சர் பொழைப்பாங்களான்னே தெரியல. ஊரே கொதிச்சுப் போயிருக்கு."

"கைரேகை?"

"பெட்டியில எடுத்தாச்சு. ரிப்போர்ட் நாளைக்குத்தான். அதுக்குள்ள இவன உள்ள அனுப்பலேன்னா என் தலை உருளும்."

பட்டறைக்காரர் எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டே வந்தார். கனத்த உடம்பு, சிடுசிடுத்த முகம். "என் பட்டறை பேரே போச்சு சார். இத்தனை வருஷம் ஒரு ஸ்க்ரூ காணாமப் போனதில்ல இங்க."

ஹார்டுவேர் கடைக்காரர் ஓர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கசங்காத மடிப்பு. "நம்பி விட்டுட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றார். "ஆசை ஆசையா வாங்கின பெட்டி. அத நான் இன்னும் கண்ணாலகூடப் பாக்கல. அதுக்குள்ள வண்டியில ரத்தக்கறை."

"உங்ககிட்ட ஸ்பேர் சாவி இருக்குமே?" என்று கேட்டாள் மருமகள்.

"வீட்டு பீரோவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை பூரா கடையில ஸ்டாக் எடுத்துட்டு இருந்தேன். ஏம்மா, சொந்த வண்டிய யாராவது சந்துல வந்து திருடுவாங்களா?"

கான்ஸ்டபிள் சிரித்தார். மருமகளுக்கு முகம் சூடேறியது.

கார் வெயிலில் நின்றிருந்தது. சர்வேயர் கதவைத் திறந்து, சாவியைப் போட்டு, ஒரே ஒரு சுற்று திருப்பினார். பெட்டியில் விளக்கு எரிந்தது. கைரேகைப் பொடி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மருமகள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். நடுவில் அதே நான்கு கோடுகள், விட்டுவிட்டு மின்னின. மூலையில் பொடியாக இரண்டு என்ற எண். இரண்டு குமிழ்களின் மேலும் இப்போது பதினாறு.

"முதலாளி, இந்தப் பொடி எண் என்ன?" என்று கேட்டார் சர்வேயர்.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "அது தப்பு நம்பர் எத்தனை தரம் போட்டோங்கறதுக்குக் கணக்கு. மூணாவது தப்பாப் போட்டா பெட்டி பூட்டிக்கும். என்கிட்ட நம்பர் கிடையாது சார். அவன்கிட்டதான்."

சர்வேயர் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்து, கடிகாரத்தைப் பார்த்து, கான்ஸ்டபிளை ஸ்டேஷனுக்கு அனுப்பினார்.

"பட்டறைக்காரர்தான் மாமா" என்று மருமகள் கிசுகிசுத்தாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

"மூஞ்சிய வெச்சுப் பிடிக்கறதா இருந்தா என்னைத்தான் முதல்ல பிடிக்கணும். நீ பின்சீட்ல உக்காரு. வாயத் திறக்காத. கையை மட்டும் பாரு."

"யார் கையை?"

"உக்கார்றவங்க கையை."

கடைக்காரரை உள்ளறையில் காத்திருக்கச் சொன்னார்கள். சர்வேயர் பெட்டியின் இரு குமிழ்களையும் நடுவில் கொண்டுவந்து வைத்தார். பிறகு பட்டறைக்காரரைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து கதவுகளை அடைத்தார். உள்ளே அடுப்புபோல் கொதித்தது.

"ஏசி வேலை செய்யுதான்னு பாக்கணும். இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுக்கணுமாம். உங்க பக்கம் நல்லாக் குளிர வைங்க."

பட்டறைக்காரர் இஞ்சினைக் கிளப்பினார். கை தன் பக்கத்துக் குமிழுக்குப் போனது. வலப்பக்கம். கடைசிவரை திருகினார். காத்திருந்தார். வியர்வை கன்னத்தில் வழிந்தது. குளிர் சர்வேயர் பக்கம் வந்து வீசியது.

"என்னடா கருமம் இது" என்று பெட்டியைத் தட்டினார். "இடம் வலம் தெரியாம மாட்டியிருக்கான்!"

"போதும். நீங்க இறங்கலாம்."

குமிழ்கள் மறுபடி நடுவுக்கு வந்தன. கார் மறுபடி சூடாகட்டும் என்று கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். ஜீப் திரும்பி வந்தது. எலக்ட்ரீஷியன் கான்ஸ்டபிள் பக்கத்தில் இறங்கினான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மனைவி ஓடிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே காரில் ஏறினார். "என்ன சார் இது சோதனை? எனக்குக் கடை இருக்கு."

"ஒரு நிமிஷம்தான். உங்க வண்டிதானே. உங்க பக்கம் குளிர வெச்சுக்குங்க, பேசலாம்."

கடைக்காரர் இஞ்சினைக் கிளப்பினார். வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கை நீண்டு, அருகில் இருந்த வலப்பக்கக் குமிழைத் தாண்டி, இடப்பக்கக் குமிழைப் பிடித்துத் திருகியது. குளிர்காற்று அவர் முகத்தில் வீசியது. கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

சர்வேயர் கையை நீட்டி இஞ்சினை அணைத்தார். "இறங்குங்க. இன்ஸ்பெக்டர், எல்லாரும் இருக்காங்க இல்ல?"

எல்லோரும் இருந்தார்கள். சர்வேயர் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் பேசினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த போட்டோவுல பெட்டி புதுசா இருக்கு. ரெண்டு பக்கமும் இருபத்திரண்டு. தப்பு நம்பர் எதுவும் போடல. இன்னிக்கு ரெண்டு பக்கமும் பதினாறு. ரெண்டு தரம் தப்பு நம்பர் போட்டிருக்கு. அப்போ நடுவுல வண்டிய ஓட்டினவருக்கு சரியான நம்பர் தெரியாது. நம்பர் எலக்ட்ரீஷியன் போன்ல இருக்கு. அவர் ஏன் தப்பாப் போடணும்?"

"நம்மள ஏமாத்த வேணும்னே போட்டிருக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏமாத்தப் போட்டவன் அத நம்மகிட்ட காட்டணுமில்ல? காலையிலேர்ந்து உங்க கஸ்டடியில இருக்கார். ஒரு வார்த்தை சொன்னாரா?"

இன்ஸ்பெக்டர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். அவன் எதுவும் புரியாமல் விழித்தான்.

"அடுத்தது குளிர். ஓட்டினவர் முதல்ல வலப்பக்கம் திருகிப் பாத்திருக்கார், வேலைக்காகல. அப்புறம் இடப்பக்கம் திருகியிருக்கார், குளிர்ந்திருக்கு. அதான் ரெண்டுமே பதினாறு. ஒரு தரம் அனுபவப்பட்ட கை மறக்காது. முதலாளி உக்காந்ததும் வலப்பக்கம் போனார், தோத்துப் போய்த் திட்டினார். இந்தப் பெட்டியோட கோணல் அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் ரெண்டு பேர். ஒருத்தர் அத மாட்டினவர். இன்னொருத்தர்..." சர்வேயர் திரும்பினார். "அதக் கண்ணாலகூடப் பாக்காதவர்."

கடைக்காரர் சிரிக்க முயன்றார். "கை தவறிப் போச்சு சார். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"இல்ல. ஆனா நாளைக்கு ரிப்போர்ட் வருது. உங்க ரேகை ஸ்டியரிங்ல இருக்கும், அது உங்க வண்டி, அதுல தப்பில்ல. ஆனா இந்தப் பெட்டி நீங்க வண்டிய விட்டுட்டுப் போனப்புறம்தான் பொருத்தினது. நீங்க இப்பத் தொட்டதுக்கு முன்னாடியே பொடி போட்டு ரேகை எடுத்தாச்சு. அந்த நம்பர் பட்டன்ல உங்க விரல் எப்படி வந்துதுன்னு நாளைக்குச் சொல்லறதவிட இன்னிக்கே சொல்லிடலாம்."

கடைக்காரர் கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார். இன்னொரு தரம் மடித்தார்.

"ஆசை சார்" என்றார் கடைசியில். குரல் எங்கோ உள்ளே இருந்தது. "திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு அதே இடத்துல விட்டுடலாம்னு நினைச்சேன். அந்த ரேடியோ மின்னிக்கிட்டே இருந்துச்சு. பழைய ரேடியோவோட நம்பர் கார்டு பர்ஸ்ல இருந்துது, அதப் போட்டேன். தப்புன்னுது. திரும்பப் போட்டேன். அதத்தான் பாத்துட்டு இருந்தேன். தலையத் தூக்கறப்ப..."

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். கான்ஸ்டபிள் இப்போது சிரிக்கவில்லை.

"நீ போகலாம்ப்பா" என்றார் இன்ஸ்பெக்டர் எலக்ட்ரீஷியனிடம். "ஏதோ நம்ம பக்கம் ஒரு..." என்று தொடங்கி, முடிக்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மருமகள் பெருமையாக மாமனாரைப் பார்த்தாள். பட்டறைக்காரர் எலக்ட்ரீஷியனின் முதுகில் ஓங்கித் தட்டினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா, இடம் வலம் மாறிப் போச்சுன்னு? அடுப்புல உக்கார வெச்சு வேக விட்டுட்டாரு என்னை!"

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டான்.

"டீச்சருக்கு எப்படி சார் இருக்கு?"

அன்று காலையிலிருந்து எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. சாவி, எண், குமிழ், ரேகை. இதை ஒருவரும் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. சர்வேயர் கூரையிலிருந்து கையை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரரும்தான்.

"அப்படியேதான் இருக்காங்களாம்" என்றார் அவர். "இன்னும் முழிப்பு வரல. பக்கத்துல ஆளில்லையாம். அண்ணன் வெளியூர்லேர்ந்து வந்துட்டு இருக்காராம்."

மனைவி கணவனின் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். "வா, வீட்டுக்குப் போகலாம். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

"அவங்க அண்ணன் வர்ற வரைக்கும் அங்க இருந்துட்டுப் போகலாமா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "வழியில ரெண்டு பன்னு வாங்கிக்கலாம்" என்றாள். இருவரும் ஆஸ்பத்திரி இருக்கும் தெருப் பக்கம் திரும்பி நடந்தார்கள்.