ஒரு கேன் சிறுவாணி

ட்ரிங்... ட்ரிங்...!

அந்த மணிச் சத்தத்துக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தார் திருமூர்த்தி. இரண்டாவது மணி முடிவதற்குள் ரிசீவரை எடுத்தார்.

'செத்துட்டா... அந்த ஆராய்ச்சிக்காரப் பொண்ணு செத்துட்டா...'

"ஹலோ..."

"அண்ணா... போயிட்டாருங்ணா!"

தங்கை வெங்கடம்மாளின் குரல்!

"யாரு கண்ணு? யாரு போயிட்டாங்க?"

"உங்க மச்சானுங்ணா! அணைக்கரையில வாயில நுரை தள்ளிக் கெடக்கறாரு... வெரசா வாங்ணா!"

ரிசீவர் நழுவி விழுந்தது.

சென்னிமலையா? தங்கச்சி புருஷனா? அவன் எப்படி...?

திருமூர்த்தி சாகடிக்க நினைத்தது வேறு ஆளை!

ஹிபா. கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பெண். நொய்யல் அணையில் தேங்கும் சாயத் தண்ணீர், அதில் சாகும் மீன்கள், பனிக்காலத்தில் அங்கே வந்திறங்கும் பறவைகள்... இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் அறிக்கை திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறது. போனால் திருமூர்த்தியின் சாயப்பட்டறைக்குப் பூட்டு!

எங்கே போனாலும், கோயமுத்தூர்க் குழாயில் பிடித்த ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் இல்லாமல் அவள் ஜீப் கிளம்பாது. இன்று காலை ஜீப்பைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, கழிவு வாய்க்காலில் பாட்டில் நிரப்பப் போனாள். கேன் தனியாக இருந்தது. திருமூர்த்தியும் தனியாக இருந்தார்.

சாயப்பட்டறையில் இல்லாத பொடியா!

காரை விரட்டினார்.

அணைக்கரையில் வேட்டி போர்த்திய உடல். பக்கத்தில் தலைவிரி கோலமாக வெங்கடம்மாள். கொஞ்சம் தள்ளி ஜீப். ஜீப்பின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் நாலைந்து கெண்டைகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. இன்னொன்று துணி போட்டு மூடியிருந்தது.

ஜீப்பில் சாய்ந்தபடி... ஹிபா!

உயிரோடு!

"வாங்க சார்." இன்ஸ்பெக்டர் அமிர்தராஜ் தொப்பியைக் கழற்றினார். "அணைத் தண்ணிதான் வேலையைக் காட்டிருச்சுங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க."

"ஆத்துத் தண்ணியில ஒண்ணுமில்லீங்..." பழக்க தோஷத்தில் ஆரம்பித்த திருமூர்த்தி சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அணைமேல் பழி போனால் பட்டறை போகும். கேன்மேல் போனால்...?

கழுத்தே போகும்!

"இருக்குமுங்க..." என்றார். "அணைத் தண்ணியாத்தான் இருக்குமுங்க."

ஹிபாவின் கண்கள் சிவந்திருந்தன. "மத்தியானம் எங்கிட்டத்தாங்க தாகம்னு வந்தாரு. கேன்ல இருந்து ஒரு சொம்பு ஊத்திக் குடுத்தேன். நல்லா இருக்குதும்மானு சிரிச்சுட்டுப் போனாரு..."

திருமூர்த்தியின் கண் கேனைத் தேடியது.

"நீங்க... நீங்க குடிக்கலையா அம்மணி?"

"எனக்கு நோன்புங்களே. ரம்ஜான் மாசமாச்சே. இருட்டற நேரத்துக்குத்தான் குடிப்பேன்."

நோன்பு!

எத்தனை பாய்மார்களோடு நூல் வியாபாரம்! எத்தனை வருஷம் வீடு தேடி வந்த நோன்புக் கஞ்சி! அது எப்படி மறந்து போனது? திருமூர்த்திக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வெங்கடம்மாள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"நம்ம கெணத்துத் தண்ணி நல்லா இருந்திருந்தா, அவரு எதுக்குங்ணா அடுத்தவங்ககிட்டக் கை நீட்டறாரு? மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகுது. உங்ககிட்டச் சொல்லலாம்னா, மச்சான் மனசு சங்கடப்படும், வேண்டாம்னு போட்டாருங்ணா..."

திருமூர்த்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கிணற்றைக் கெடுத்தது அவர் பட்டறை. அந்தச் சொம்பைக் கெடுத்தது அவர் கை. சென்னிமலையை இரண்டு தடவை கொன்றிருக்கிறார்!

சூரியன் அணைக்குள் இறங்கியது. ஹிபா வாட்ச்சைப் பார்த்தாள். ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். கேனைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

திருமூர்த்தி வாயைத் திறந்தார்... மூடிக்கொண்டார்.

பேசாமல் இருந்தால் போதும். அவளும் போவாள், அவளோடு அறிக்கையும் ஒழியும். அணைமேல் இன்னொரு பழி, அவ்வளவுதான்...

ஹிபா டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவள், நிறுத்தினாள்.

"அக்கா... மத்தியானத்துல இருந்து தொண்டையை நனைக்கலையே நீங்க. முதல்ல நீங்க குடிங்க."

வெங்கடம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். அண்ணாந்தாள்...

"வெங்கடு...! குடிக்காதே...!"

பாய்ந்து தட்டிவிட்டார் திருமூர்த்தி. டம்ளர் உருண்டது.

அமிர்தராஜ் குனிந்து டம்ளரை எடுத்தார்.

"ஏனுங்க..." மெதுவாகக் கேட்டார். "அது சிறுவாணித் தண்ணிங்க. ஏன் குடிக்கக் கூடாது?"

திருமூர்த்தி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஹிபா அதே கேனிலிருந்து இன்னொரு டம்ளர் பிடித்தாள். மடமடவென்று குடித்தாள்!

ஒன்றும் ஆகவில்லை!

"இது ஸ்டேஷன்ல இருந்து கொண்டு வந்த புதுக் கேனுங்க," என்றபடி அமிர்தராஜ் தொட்டியின் துணியை உருவினார். கெண்டைகள் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன. "இந்த அம்மணி ஒரு தொட்டியில அணைத் தண்ணி, ஒரு தொட்டியில அவங்க கேன்ல இருக்கற நல்ல தண்ணி ஊத்தி, மீன் விட்டுச் சோதனை பண்றவங்க. இன்னைக்கு அணைத் தண்ணி மீன் உயிரோட இருக்குது... சிறுவாணித் தண்ணி மீன் செத்துப் போச்சுங்க! ஜீப் காலையில நின்ன ஒரே இடம் உங்க பட்டறை வாசல்."

"மீன் சாகறதை நான் பாக்கறதுக்குள்ள அவரு குடிச்சுட்டாருங்க..." ஹிபா உடைந்தாள். "என் கையால குடுத்தேனே..."

"உங்க தப்பில்ல அம்மணி!" திருமூர்த்தி மண்டியிட்டார். "நான்தாங்க செஞ்சுபோட்டேன்! உங்களுக்குத்தான் வெச்சேன்... மச்சானுக்கு இல்லீங்க! வெங்கடு... கண்ணு..."

வெங்கடம்மாள் புருஷன் முகத்தில் விலகியிருந்த வேட்டியைச் சரிசெய்தாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

விலங்கு பூட்டப்பட்டது. திருமூர்த்தி காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டார்.

"சார்... ஒரு வாய் தண்ணி..."

அமிர்தராஜ் போலீஸ் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க! உங்களைக் கொண்டுபோற கோயமுத்தூர் ஜெயில்ல... இருபத்துநாலு மணி நேரமும் சிறுவாணிதாங்க!"