நிற்காத மேசை

மேசை மறுபடியும் ஓடிவிட்டது.

செவ்வந்தியின் நைனா, தச்சர் பூபதி, இழைப்புளியை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். பலகை கொஞ்சமும் இழைபடவில்லை. பலகையைச் சுமந்துகொண்டு மேசைதான் கடகடவென்று உருண்டது. சிமென்ட் தரையின் மறுபாதியில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியின்மேல் ஏறி நின்றது.

"டே பூபதி," என்றாள் பக்கத்து வீட்டு மணியம்மாள். அவள் கத்தவில்லை. கத்தாமல் பேசினால்தான் அவளுக்கு நிஜமான கோபம். "நான் கருவாடு போடறேன். நீ துவையல் அரைக்கிறியா?"

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கே கால் வைத்தாலும் மணல்தான். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த இந்தச் சிமென்ட் தரை இரண்டு வீட்டுக்கும் பொது. காலையில் செவ்வந்தி வீட்டுப் பக்கம் நிழல் விழும், மணியம்மாள் பக்கம் வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் அது அப்படியே மாறிவிடும். மீனுக்கு வெயில் வேண்டும். நைனாவுக்கு நிழல் வேண்டும். ஆகவே தினமும் மதியம் மேசையும் மீனும் இடம் மாறியாக வேண்டும்.

மேசையோ பழைய படகுப் பலகையில் செய்தது. நகர்த்த நாலு ஆள் தேவை. கடலுக்குப் போய் வந்தவர்கள் மதியத்தில் அசந்து தூங்குவார்கள். தினமும் யாரை எழுப்புவது? அதனால்தான் நைனா உடைந்த ஐஸ் வண்டி ஒன்றிலிருந்து நாலு சக்கரங்களைக் கழற்றி மேசைக்கு மாட்டினார். இப்போது மேசை நன்றாக நகர்ந்தது. நிற்கத்தான் மாட்டேன் என்றது.

முதல் நாள் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தார். மேசை செங்கலையும் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் சித்தப்பாவின் படகிலிருந்து நங்கூரத்தைத் தூக்கி வந்தார். மணலில் அதை ஆழப் புதைத்து, கயிற்றை மேசைக்காலில் கட்டினார்.

"கடல்லயே படகு நிக்குது. மேச நிக்காதா?" என்றார்.

மேசை தூரமாக ஓடவில்லை. கயிறு இழுத்த இழுப்பில் நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் அடித்தது. அடித்து வந்து இதோ, நெத்திலியில் நின்றது.

"சனிக்கிழமைக்குள்ள இந்த மேச நிக்கணும்," என்றாள் மணியம்மாள். "இல்லன்னா இது இங்க நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

நைனா தலையைச் சொறிந்தார். "நிக்கலன்னா திங்கக்கிழம மறுபடி மீஞ்சூர் பட்டறைக்கே போயிடறேன்கா."

மீஞ்சூர் பட்டறைக்குப் போனால் நைனா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்கு வருவார். இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. வீட்டிலேயே வேலை செய்யலாம் என்றுதான் இந்த மேசையையே செய்தார்.

அவள் மணியம்மாளோடு உட்கார்ந்து, நசுங்கிய மீனைத் தனியாகவும் நல்ல மீனைத் தனியாகவும் பிரித்தாள். ஒட்டியிருந்த மரத்தூளை ஊதி ஊதித் தட்டினாள். ஆனால் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"கால ஆட்டாதடி. மீனு எகிறுது," என்றாள் மணியம்மாள்.

வீட்டுக்குள் போனால், நைனாவின் துணிப்பை ஆணியில் தொங்கியது. உள்ளே இரண்டு சட்டைகளை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் செவ்வந்தியால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்தாள், முன்னால் வந்தாள், மறுபடி சாய்த்தாள்.

"செவ்வந்தி, நாற்காலிக்கு எத்தன காலு?" என்றார் நிவேதா டீச்சர்.

"நாலு டீச்சர்."

"நாலையும் தரையில வை."

வகுப்பே சிரித்தது. செவ்வந்தி நாலையும் தரையில் வைத்தாள். அப்போது முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசியது. திரும்பிப் பார்த்தாள். நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த அவளுடைய புத்தகப் பை.

மெதுவாகச் சாய்ந்தாள். பையின் அடி தரையில் பட்டது. நேராக உட்கார்ந்தாள். பை தரையை விட்டு மேலே வந்துவிட்டது. சாய்ந்தால் படுகிறது, நிமிர்ந்தால் படவில்லை.

"செவ்வந்தி..."

"இனிமே ஆட மாட்டேன் டீச்சர். பாத்துட்டேன்."

எதைப் பார்த்தாள் என்று டீச்சருக்குப் புரியவில்லை.

மாலையில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நைனா, நாலு சக்கரம் வேணாம். ரெண்டு போதும். ஒரு பக்கம் மட்டும். அதுவும் தரையத் தொடக் கூடாது."

"தரையத் தொடாத சக்கரம் இன்னாத்துக்கு?"

"நிக்கும்போதுதான் தொடாது. அந்தாண்டப் பக்கத்தத் தூக்கினா மேச சாயும் இல்ல? அப்ப தொடும்."

நைனா அவளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

நாலு சக்கரங்களையும் கழற்றினார்கள். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டின் வெளிப்புறத்தில் மட்டும் காலுக்கொரு சக்கரம் மாட்டினார்கள். முதல் தடவை சக்கரம் ரொம்ப உயரமாகிவிட்டது. மேசையை எவ்வளவு தூக்கியும் தரைக்கு எட்டவில்லை. செவ்வந்தி தீக்குச்சி ஒன்றைக் கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் படுக்கவைத்தாள்.

"இவ்ளோ இடம்தான் இருக்கணும் நைனா."

அந்த அளவுக்குச் சக்கரத்தை இறக்கி போல்ட்டை முறுக்கினார்கள். நைனா மறுபக்கத்தைத் தூக்கினார். மேசை உருண்டது. இறக்கினார். மேசை நின்றது.

"அவ்ளோதான்," என்றார் நைனா.

செவ்வந்தி தானும் தூக்கிப் பார்த்தாள். அசையவே இல்லை. "நீ இல்லாதப்ப மணியம்மா அத்தைக்கு இடம் வேணும்னா? அவங்க எப்படித் தூக்குவாங்க?"

நைனா யோசித்தார். கூரையில் செருகியிருந்த இரண்டு பழைய துடுப்புகளை உருவினார். அகன்ற பகுதியை அறுத்துவிட்டு, நீளமான தண்டுகளைச் சக்கரம் இல்லாத பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி மேசையின் அடியில் கைப்பிடியாகப் பொருத்தினார். செவ்வந்தி தண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினாள். ஆனாலும் மேசை கிளம்பியது.

சனிக்கிழமை காலை மணியம்மாள் கூடை நிறைய நெத்திலியோடு வந்தாள். மீனைப் பரப்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நீ இழை. அப்பறம் நான் போடறேன்."

நைனா இழைப்புளியை எடுத்தார்.

சர்ர்ர். மரச்சுருள் ஒன்று நீளமாகக் கிளம்பி நைனாவின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. மேசை அசையவில்லை. இன்னொரு தள்ளு. இன்னொரு சுருள்.

மணியம்மாள் கூடையைப் பக்கத்தில் இழுத்தாள். குனிந்து மீனைப் பரப்ப ஆரம்பித்தாள்.

மதியம் நிழல் மாறியது. நைனா சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வெளியே கடகடவென்று சத்தம். செவ்வந்தி பதறிப்போய் ஓடினாள்.

மேசை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மீனைக் கூடையில் வாரிவிட்டு, துடுப்புத் தண்டுகளைப் பிடித்து அதைத் தள்ளிக்கொண்டு போனவள் மணியம்மாள்.

"இன்னா பாக்கறே? வழிய விடு," என்றாள். மேசையைத் தன் வீட்டு நிழலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். "மேசய நிக்க வெச்சிட்டே. ஒன்ன யாருடி நிக்க வெக்கறது?"

செவ்வந்தி வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள். இரண்டு சட்டைகளையும் பெட்டியில் திரும்ப வைத்தாள். மீதி இரண்டு சக்கரங்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"அத்தே, இது ஒங்க மீன் பெட்டிக்கு. இன்னிக்கே மாட்டிடலாமா?"

"மொதல்ல ஒக்காருடி."

செவ்வந்தி முக்காலியில் உட்கார்ந்தாள். நைனா இழைப்பதைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். முழுதாக ஒரு நிமிடம்.