ஃப்ரீசரிலிருந்து வந்த சூடு

அப்பாவை அடக்கம் செய்து மூன்று மாதம் கழித்துப் பெர்னடீன் அத்தை ஒரு பெட்டியோடும் முட்டிவலியோடும் டுலூத் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததுமே சமையலுக்குப் பட்டாணி எடுக்க நிலவறையில் இருந்த ஃப்ரீசரைத் தேடி இறங்கினாள். உடனே அலறல் கேட்டது.

"மாரிட்! பட்டாணிப் பையத் தூக்கினா கையில எலி வால் மாட்டுதுடி!"

"அது பிஸ்கட்டோட சாப்பாடு அத்தை. தனிப் பையிலதான் இருக்கு."

"இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் ஏன் ஐஸ்கிரீமே தொடுறதில்லன்னு இப்பப் புரியுதா?"

பிஸ்கட் அப்பா வளர்த்த சின்ன மலைப்பாம்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாள் முழுக்க என்னோடு இருந்தது அது ஒன்றுதான். அப்பா போனதிலிருந்து அது ஒரு எலியையும் தொடவில்லை. முதுகெலும்பு மேலே துருத்தத் தொடங்கியிருந்தது.

"இந்தத் தடவையும் தின்னலைன்னா வாங்கின கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்டி," என்றாள் அத்தை. "பட்டினி போட்டுக் கொல்றது பாவம்."

அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

மறுநாள் மத்தியானம் நான் மட்டும் இறங்கினேன். நிலவறையின் ஒரே சன்னலைப் பனி மூடியிருந்தது. மூலையில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. மரத்தூளும் ஈரச் சுவரும் கலந்த வாசனை.

முந்தின இரவே உறைந்த எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, சமையலறைக் குளிர்பெட்டியில் வைத்து உருகவிட்டிருந்தேன். இப்போது அதைப் பையோடு வெந்நீரில் போட்டேன். எடுத்துத் துடைத்து, அதன் தலைக்கு மட்டும் முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினேன். பாம்பின் உதட்டோரக் குழிகளுக்குச் சூடுதான் தெரியும். சூடு இல்லாத எலி அதற்குக் கல் மாதிரி.

பிஸ்கட்டின் கூண்டைத் திறந்து, எலியை இடுக்கியில் பிடித்து நீட்டினேன்.

பிஸ்கட் தலையைத் தூக்கியது. எலியைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஃப்ரீசரைப் பார்த்தது.

திரும்பினேன். ஃப்ரீசர் மூடி திறந்திருந்தது. நான் மூடியது நன்றாக நினைவிருக்கிறது. உள்ளிருந்து வெள்ளை ஆவி தரையில் வழிந்துகொண்டிருந்தது.

வேறு எதுவும் இல்லை.

பிஸ்கட்டின் தலை மெல்ல நகர்ந்தது. ஃப்ரீசரிலிருந்து அலமாரிக்கு. அலமாரியிலிருந்து படிக்கட்டின் அடிக்கு. நடக்கிற ஒன்றைத் தொடர்வதுபோல. நாக்கு வெளியே வந்து வந்து போனது.

அந்த அறையில் சூடான உடம்பு என்னுடையது மட்டும்தான்.

தலை நின்றது. என் இடுப்புக்கு நேராக, எனக்குப் பக்கத்தில்.

மூச்சை அடக்கினேன். வலது பக்கம் அடுப்பருகே நிற்பதுபோல் இதமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பயத்தால் இல்லை.

"அப்பா?" என்று கிசுகிசுத்தேன்.

இடுக்கி பிடித்த என் கைமேல் ஒரு சூடு படிந்தது. கை தானாக ஒரு விரற்கடை முன்னே போய், எலியை லேசாக ஆட்டியது.

பிஸ்கட் பாய்ந்தது. எலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டது.

நான் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று. "பாருங்கப்பா, தின்னுது," என்றேன். கையைத் திருப்பி, மேலே படிந்திருந்த அந்தச் சூட்டைப் பற்றினேன்.

விரல்கள் இருந்தன.

அப்பாவின் கை என் இரண்டு கைகளையும் சேர்த்து மூடிவிடும்.

இந்தக் கை, ஒரு குழந்தையின் கைபோல, என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. சமையலறையில் அத்தை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தின்னுச்சா?"

தலையாட்டினேன்.

"அப்பாடா! சரி, அந்தத் தடியன் இங்கயே கிடக்கட்டும். உனக்கும் துணையா இருக்கும்." என் வலது கையைத் தட்டிக்கொடுக்க வந்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, என்னடி இது? இந்தக் கை மட்டும் இப்படிக் கொதிக்குது!"

பதில் சொல்ல வாய் திறந்தேன்.

என் விரல்களுக்கிடையே அந்தச் சின்ன விரல்கள், சொல்லாதே என்பதுபோல், ஒருமுறை அழுத்தின.