‘ஷ’ மட்டும் அவளுடையதல்ல

மரக்கடைக்காரர் துப்பறிவாளரின் மேசைமேல் ஒரு சோப்புப் பெட்டியை வைத்தார். ‘பூப்பூவாய் மணக்கும் புஷ்பம் சோப்பு’ என்ற எழுத்துகள் கொடிபோல் சாய்ந்து, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின.

“இது என் தங்கச்சி கையெழுத்து சார். படம் வரையுறவனைக் கட்டிக்கிட்டுப் போனவ. ‘இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே’ன்னு நான்தான் சொன்னேன். இப்ப எங்க இருக்கான்னே தெரியல. கண்டுபிடிச்சுக் குடுங்க.”

“சோப்புக் கம்பெனியில எழுதுற வேலை பார்க்கிறாங்க! இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்,” என்று எழுந்தேவிட்டாள் உதவிக்கு இருந்த பெண். அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

துப்பறிவாளர் பெட்டிமேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். “உட்காரும்மா. ரெண்டு ‘பூ’வையும் பாரு. மயிரிழை வித்தியாசம் இல்ல. கையால எழுதினா அப்படி விழுமா? அவங்க எழுத்தைப் பார்த்து யாரோ செஞ்ச கம்ப்யூட்டர் எழுத்துரு இது.” பிறகு மரக்கடைக்காரரைப் பார்த்தார். “இதுல அவங்க எழுதாத எழுத்து ஏதாவது இருக்கா?”

அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “இந்த ‘ஷ’. விறைச்சுக்கிட்டு நிக்குது. அவ எழுத்து வளைஞ்சு வரும்.”

துப்பறிவாளர் கண்ணாடியை உறையில் போட்டார்.

பட்டாசு கம்பெனிக்குப் போன் போட்டாள். கல்யாணப் பத்திரிகை, கேக் பெட்டி, வாசனைத் திரவியப் புட்டி என்று எல்லாவற்றிலும் ஓடும் எழுத்துருவாம் அது. செய்தவரின் முகவரியும் கிடைத்தது.

அந்த வீட்டு மாடிப்படியின் கீழே துப்பறிவாளர் நின்றார். “ஐயா, மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு. பக்கத்துல உங்க தங்கச்சி இருந்தா, குறையுற ஒரு எழுத்தை எழுதி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ‘ஷ’வைச் செஞ்சவர் தானா வரைஞ்சிருக்கார். கேட்டு வாங்க ஆள் இல்ல.”

மரக்கடைக்காரர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பிறகு ஏறினார்.

கதவைத் திறந்தவன் அதே படம் வரையுறவன்தான். தலை நரைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் வழிவிட்டான். உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தாள்கள். ‘தண்ணி.’ ‘போர்வை.’ ‘நீங்க சாப்பிட்டீங்களா?’

“தொண்டையில கட்டி. பேச்சு நின்னுபோச்சு. கடைசிவரைக்கும் எழுதித்தான் பேசுனா,” என்றான். “இதுலேர்ந்துதான் ஒவ்வொரு எழுத்தா எடுத்தேன். ‘ஷ’ மட்டும் கிடைக்கல. கஷ்டமா இருக்குன்னு ஒருநாளும் அவ எழுதல.”

மரக்கடைக்காரரின் விரல் ஒரு தாளில் நின்றது. ‘அண்ணனைக் கூப்பிடுங்க. வருவாங்க.’

“கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் போனை வச்சுட்டீங்க.”

அவருக்கு நினைவிருந்தது. கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ‘யாரு?’ என்று கேட்ட மனைவியிடம், ‘ராங் நம்பர்’ என்றிருந்தார்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீங்க கிளம்பிட்டீங்க, வழியில இருக்கீங்கன்னு சொன்னேன்.”

பட்டாசு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மரக்கடைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.