வனிதா உடைக்காத அலாரம்

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் "கீங்ங்" என்று கத்த வேண்டிய அலாரம், சாஸ்திர மேளா என்ற பள்ளி அறிவியல் கண்காட்சியில் நடுவர் முன்னால் மூச்சே விடவில்லை.

செல்வப்பிரியா இரண்டு வயர்களையும் குவளைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தாள். புது பேட்டரி போட்டாள். பலனில்லை. நடுவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"இவதானுங்க! பஸ்ல வரும்போது போர்டைக் கீழ போட்டுட்டா!" என்று எல்லார் முன்னாலும், கூட நின்ற தோழி வனிதாவைக் கை காட்டினாள்.

இருவரும் ஒரு மாதமாக ஈயம் உருக்கி ஒட்டிய போர்டு அது. திரும்பும்போது, ஊரான கொழிஞ்சாம்பாறை வரும்வரை வனிதா பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

அன்று மதியம் டின்சி டீச்சர், செல்வப்பிரியாவிடம் மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டரைக் கொடுத்தார். "எங்க கேடுன்னு நீயே கண்டுபிடி."

ஒட்டிய இடம் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. சத்தம் போடும் பஸ்ஸரும் நன்றாக இருந்தது. மூன்று கால்களோடு மிளகு அளவே இருந்த டிரான்சிஸ்டர்தான் செத்திருந்தது.

புதியதை மாட்டினாள். வயர்களைத் தண்ணீரில் வைத்ததும் அலாரம் அலறியது.

"பாத்தீங்களா டீச்சர்!"

சந்தோஷத்தில், தண்ணீர் இல்லாமலே இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று முட்ட வைத்தாள். "கீங்" என்று கத்திவிட்டு அடங்கியது. மறுபடி தண்ணீரில் வைத்தாள். சத்தமே இல்லை.

"தண்ணி வழியா கொஞ்சம் கரண்டுதான் போகும். நேரா முட்ட வச்சா மொத்தமும் பாயும். இதுவும் கருகிருச்சு" என்றார் டீச்சர்.

செல்வப்பிரியாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மேளாவுக்கு முந்தின நாள் தம்பியிடம் பீற்றிக்கொள்ள அவள் இப்படித்தான் செய்தாள். அப்போதும் சட்டென்று அடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, புது பேட்டரியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

வகுப்புக்குப் போனதும், எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "போர்டு வனிதாவால கெடல. நாந்தான் கெடுத்தேன்."

கடைசி பெஞ்சிலிருந்து வனிதா எழுந்தாள்.

"நாந்தான் ஒடச்சுட்டேன்னு நானே நம்பிட்டேன்" என்றாள் வனிதா. "எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். ரெண்டு நாளா ஒரே திட்டு."

"உங்க ஊட்டுக்கு வந்து நானே சொல்றேன்."

"ம்."

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த வனிதாவின் அம்மா, சாயங்காலம் செல்வப்பிரியா வந்து சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். "அப்படியா கண்ணு" என்றார். பிறகு மகளைப் பார்த்தார்.

வாசல்வரை வந்த வனிதா நின்றாள்.

"புதுசா ஒண்ணு பண்ணலாம். ஆனா வயரை நாந்தான் தொடுவேன்."

"சரி."

"பழைய பெஞ்சுக்கு மட்டும் திரும்பி வர மாட்டேன்."

செல்வப்பிரியா தலை குனிந்தாள். இதற்குச் சம்மதம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும், "சரி" என்றாள்.