குரல் கோப்புறை

பிரகதீஸ்வரியின் பெயரில் இருந்த கோப்புறையைக் காணவில்லை.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில், சம்பா வயல்களுக்கு நடுவே இருந்த அந்த ஓட்டு வீட்டில், மதியமே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு நின்றது. போட்டாலும் எரியாது, காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஓட்டில் மழை இரைய, வரப்போரத் தவளைகள் ஓயாமல் கத்த, ஊறிய சுவரின் மக்கல் வாடை மூக்கில் ஏற, மடிக்கணினியின் வெளிச்சத்தில் குனிந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்காக எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள் பிரகதீஸ்வரி.

அவளும் புருஷன் பரணிதரனும் சேர்ந்து உண்டாக்கிய மென்பொருள் அது. பெயர் 'முறை'. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று விவசாயிகளுக்குப் போன் போட்டுப் பேசும். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஊர்ப்பொதுச் சொத்து. பொதுச் சொத்தென்றால் ஆளாளுக்குக் குளறுபடி செய்வார்களே என்று, பாசனம் மாதிரியே கோப்புறைகளைப் பிரித்து வைத்திருந்தாள். 'தலைமடை'யில் மூல நிரல். 'கிளை'யில் ஊருக்கொரு கோப்புறை. 'குரல்' கோப்புறையில், பங்களிப்பாளர்கள் பேசிப் பதிந்து கொடுத்த குரல்கள். 'ஆள்' கோப்புறையில் அவர்களுடைய பெயரும் படமும் செய்த வேலையும். இனி வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் 'வடிகால்'.

தலைமடையில் ஒரு வரி மாற வேண்டுமானாலும் அவளும் பரணியும் வாயால் "சம்மதம்" சொல்ல வேண்டும். மடை திறக்கும் முன் இரு கரைக்காரர்களும் சத்தம் போட்டுச் சம்மதம் சொல்வது அவளுடைய அப்பா ஊர் வழக்கம். எழுதத் தெரியாதவனும் சேரட்டும் என்று அதையே இங்கும் விதியாக்கினாள். கையெழுத்தைப் போலியாகப் போடலாம், குரலை எவன் போடுவான் என்று ஊரெல்லாம் பெருமை வேறு. அடி பைத்தியக்காரி!

சென்னைக் கம்பெனி ஒன்று 'முறை'யை மொத்தமாகக் கேட்டிருந்தது. கொடுத்துவிடலாம் என்று பரணி ஒற்றைக்காலில் நின்றான். "தண்ணி வர்ற சேதிக்குக் காசு வாங்குவான் பரணி. செத்தாலும் நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று அவள் முடித்துவிட்டாள். அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் வாய் திறக்காமல் மடை திறக்காது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது 'குரல்' கோப்புறையில் ஐயாவு இருந்தார், அப்சர் இருந்தான், கமருன்னிஸா இருந்தாள். பிரகதீஸ்வரி இல்லை.

தேடினாள். அவளுடைய குரல் தலைமடைக்குள் கிடந்தது. பக்கத்தில் அவள் எழுதாத நிரல், பக்கம் பக்கமாக. அந்தக் குரலை எதை வேண்டுமானாலும் பேச வைக்கிற நிரல். பரணி எழுதியது. 'ஆள்' கோப்புறைக்குப் போனாள். அங்கேயும் அவள் இல்லை. அவளுடைய பெயர், படம், இத்தனை வருட உழைப்பு எல்லாம் வடிகாலில். ஒப்புதல்: பரணிதரன், சம்மதம். பிரகதீஸ்வரி, சம்மதம்.

தாலி கட்டினவன்! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. சண்டை போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். சிரித்துக்கொண்டே செய்திருக்கிறானே, பாவி.

போன் அடித்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஐயாவு.

"ஏம்மா, கம்பெனிக்குக் குடுத்துட்டீங்களாமே? நீங்களே போன் பண்ணி சம்மதம்னு சொல்றீங்க. ஒங்கள நம்பித்தானேம்மா நாங்கல்லாம் சேந்தோம்?"

'நான் இல்லை ஐயா' என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அம்மா? அம்மா? என்னது, வெறும் காத்துதான் கேக்குது..." லைன் போய்விட்டது.

தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கத்திப் பார்த்தாள். மழைதான் இரைந்தது, தவளைதான் கத்தியது. அப்போது சாப்பாட்டு அறையில் யாரோ சிரித்தார்கள். மூக்கால் லேசாக ஆரம்பித்து முடிவில் கொஞ்சம் உடையும் சிரிப்பு. அவளுடைய சிரிப்பு.

"ரசம் ஊத்தட்டா பரணி?"

பரணி அந்தக் குரலைப் போனில் போட்டுக் கேட்கிறான். அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வளையல் சத்தம் கேட்டது. தட்டில் கரண்டி பட்டது. ரசம் மணத்தது. காலையிலிருந்து அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

எழுந்தாள். கூடத்தைக் கடந்தாள். தரை சில்லிட்டது. கதவு பாதி திறந்திருந்தது.

பரணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டி ஒருத்தி. அவளுடைய பச்சை நூல் புடவை. அவளுடைய பின்னல்.

பரணி நிமிர்ந்தான். வாசலில் நின்றவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்வையைத் தட்டுக்கு இறக்கினான்.

"எழுந்து வந்துட்டா" என்றான், எதிரே இருந்தவளிடம். "கதவ சாத்திடு பிரகதி."

"அவள வெளிய வுட்டுட்டுச் சாத்தணுமா?"

"ம்."

"ரெண்டு பேரும் சொல்லணும்ல. நீ சொல்லு."

கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. மழை இரைந்தது. 'பரணி, என்னைப் பாரு' என்று இவள் உதடு துடித்தது. அவன் பார்க்கவில்லை.

"சம்மதம்" என்றான்.

நாற்காலி நகர்ந்தது. அது திரும்பியது. வாசலுக்கு வந்தது. கதவின் மேல் கை வைத்தது. முகம் கிட்டே வந்தது.

கண் இல்லை. மூக்கு இல்லை. பிசைந்து தட்டிய மாவு மாதிரி வழுவழுவென்று தோல். அதன் நடுவே, ஈரமாக, அவளுடைய வாய்.

"சம்மதம்" என்றது அந்த வாய்.